போர்தோ–பாரிஸ்: முன்னால் போனவர்களின் பந்தயம்

குளிர்பதனக் கிடங்கில் எனக்கு இரவு வேலை. காலை ஐந்தரைக்கு முடியும். பிரான்சில், ஷத்தெல்ரோவிலிருந்து புவாத்தியே போகும் சாலையில் பதினெட்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வீடு வந்து சேர்வேன். பலகையில் இப்போது 'டே 910' என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் இந்த ஊர்க்காரர்கள் இன்னமும் 'நாசியோனல் 10' என்றுதான் சொல்வார்கள். நெடுஞ்சாலை மேற்கே போய்விட்ட பிறகு இங்கே லாரிகள் குறைந்துவிட்டன. விடியும் நேரத்தில் நானும் சாலையோர மரங்களும் மட்டும்தான்.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். எழுபதைத் தாண்டியவர். நான் குடிவந்த முதல் வருடம், ஒரு நாள் காலை நான் சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தபோது தோட்டத்து வேலியருகே நின்று கூப்பிட்டார். "நீங்கள் தினமும் போர்தோ–பாரிசைத் தலைகீழாக ஓட்டுகிறீர்கள், தெரியுமா?" என்றார். எனக்குப் புரியவில்லை. தூர் த ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயம் தெரியும். பாரிஸ்–ரூபேயும் தெரியும், ஏப்ரல் வந்தால் தொலைக்காட்சிமுன் உட்கார்ந்து கல்பாவிய சாலைகளில் அவர்கள் குலுங்கிக் குலுங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். போர்தோ–பாரிஸ் என்று ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது. ஆறு வருடங்களாகக் கையில் கிடைக்கும் பழைய விளையாட்டுப் பத்திரிகைகள், பழைய சந்தையில் வாங்கிய புகைப்படங்கள் என்று இந்தப் பந்தயத்தின் பின்னால்தான் அலைகிறேன். மூன்று நாள் தூக்கத்தைச் சேர்த்துவைத்துக்கொண்டு ஒரு முறை போர்தோவுக்கே போய், புறப்படும் இடத்து ஆற்றங்கரையில் நின்றுவிட்டு வந்தேன். இப்போது எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

சரி, முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். தென்மேற்கே போர்தோவில் கிளம்பிப் பாரிசில் முடியும் ஒரே நாள் பந்தயம். ஏறக்குறைய 560 கிலோமீட்டர், சில ஆண்டுகளில் இன்னும் கூடுதல். இன்றைக்கு இருக்கும் ஒருநாள் பந்தயங்களில் மிக நீளமானவை முந்நூறு கிலோமீட்டரை ஒட்டி நிற்கின்றன. அதை ஏறக்குறைய இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். 1891-இல் தொடங்கியது, தொழில்முறைப் பந்தயமாகக் கடைசியாக 1988-இல் நடந்தது. அதாவது தூர் த ஃபிரான்சைவிடப் பன்னிரண்டு வயது மூத்தது.

முதல் பந்தயத்தை நடத்தியது 'வெலோஸ் ஸ்போர்' என்ற போர்தோ பத்திரிகை. இவ்வளவு தூரத்தை யாரும் ஒரே மூச்சில் மிதிக்க மாட்டார்கள், வழியில் எங்காவது படுத்துத் தூங்கித்தான் ஆக வேண்டும் என்று நினைத்து, வழியூர்களில் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். மே 23-ஆம் தேதி விடிகாலையில் கிளம்பியவர்களில் இங்கிலாந்திலிருந்து வந்த சிலரும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஜார்ஜ் பில்கிங்டன் மில்ஸ். அதற்கு ஐந்து வருடம் முன்பு, முன்சக்கரம் ஆளுயரத்துக்கு இருக்குமே, அந்தப் பழைய உயரச் சைக்கிளில் பிரிட்டன் தீவின் தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைவரை ஐந்து நாள் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் போனவர். அவருக்கு ஒரு ராத்திரி விழித்திருப்பது ஒரு பொருட்டா? வழியில் இருந்த கட்டில் எதையும் அவர் தொடவில்லை. நின்ற இடங்களிலும் சாப்பிட்டுவிட்டு உடனே கிளம்பினார். இருபத்தாறரை மணி நேரத்தில் பாரிசில் இருந்தார்.

இரண்டாவதாக மான்டேக் ஹோல்பைன், மூன்றாவதாக செல்வின் எட்ஜ். இருவரும் ஆங்கிலேயர்கள். இந்த மூவரின் பின்கதையும் எனக்குப் பிடிக்கும். ஹோல்பைன் பிற்காலத்தில் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடக்கத் திரும்பத் திரும்ப முயன்றார். எட்ஜ் மோட்டார் கார் பக்கம் போய் 1902-இல் கார்டன் பென்னட் கோப்பையை வென்றார். உடம்பால் எவ்வளவு தூரம் போக முடியும் என்ற கேள்வி அவர்களை விடவில்லை போலிருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களில் முதலாவதாக வந்த பியேர் ழியேல்-லவாலுக்கு ஐந்தாம் இடம்தான் கிடைத்தது. சொந்த நாட்டில் இப்படி ஒரு தோல்வி. அதே ஆண்டு செப்டம்பரில் 'லெ பெத்தி ழூர்னால்' பத்திரிகை பாரிஸ்–பிரெஸ்த்–பாரிஸ் பந்தயத்தை நடத்தியபோது பிரெஞ்சுக்காரர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டார்கள். ஷார்ல் தெரோன் வென்றார், ழியேல்-லவால் இரண்டாவது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். மில்ஸ் தனியாக மிதிக்கவில்லை. வழி நெடுக அவருக்கு முன்னால் யாராவது சைக்கிளில் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒருவர் களைத்தால் அடுத்த ஊரில் இன்னொருவர். இந்தப் பந்தயத்தின் முதல் நாளிலிருந்தே விதிமுறை அதுதான்: முன்னால் ஆள் வைத்துக்கொள்ளலாம்.

சைக்கிள் ஓட்டாதவர்களுக்கு இது ஏன் பெரிய விஷயம் என்று தோன்றலாம். சமதளத்தில் மிதிக்கிறவருக்கு எதிரி காற்றுதான். வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது, அதை வெல்லக் கால்கள் கொடுக்க வேண்டிய சக்தி எட்டு மடங்கு. முன்னால் ஒரு முதுகு இருந்தால் அந்தச் சுமையில் பெரும்பங்கை அது வாங்கிக்கொள்கிறது. ஆகவே போர்தோ–பாரிசின் கதையை, முன்னால் யார் போனார்கள் என்று கேட்டே முழுதாகச் சொல்லிவிடலாம்.

ஆரம்ப வருடங்களில் ஒற்றைச் சைக்கிள்களும், இருவர் மூவர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிள்களும் முன்னால் போயின. நூற்றாண்டின் முடிவில் மோட்டார் கார் வந்தது. 1899-இல் கோன்ஸ்தான் உய்ரே காருக்குப் பின்னால் மிதித்துப் பதினாறரை மணி நேரத்தை ஒட்டி முடித்தார். மில்ஸின் இருபத்தாறரையிலிருந்து எட்டே வருடத்தில் பத்து மணி நேரம் குறைந்துவிட்டது. அந்தக் காலத்துக் காரின் புகையையும் தூசியையும் பகல் முழுக்கச் சுவாசித்துக்கொண்டு ஒரு மனிதர் மிதித்திருக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். அப்புறம் காரை விலக்கினார்கள், ஆளை விலக்கினார்கள், திரும்பச் சேர்த்தார்கள். விதி மாறிக்கொண்டே இருந்தது.

1896-ஐச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊரிலிருந்து வந்த ஆர்தர் லின்டன் முதலாவதாக முடித்தார். ஆனால் பாரிசுக்குள் நுழைந்ததும் சேன் நதியை வேறு பாலத்தில் கடந்துவிட்டார். தகராறு எழுந்தது. கடைசியில் அவரையும் காஸ்தோன் ரிவியேரையும் கூட்டு வெற்றியாளர்களாக அறிவித்தார்கள். இரண்டு மாதத்துக்குள் லின்டன் இறந்துபோனார், இருபத்தேழு வயதில். டைஃபாய்டு என்று பதிவாகியிருக்கிறது. அவருடைய படம் ஒன்று என் மேசையில் இருக்கிறது. கூர்மையான முகம், குட்டையாக வெட்டிய தலைமுடி. ஒரே ஒரு பாலம் தவறியதால் தன் வாழ்வின் பெரிய வெற்றியைப் பாதியாகப் பெற்றுக்கொண்டு, அந்தப் பாதியையும் இரண்டு மாதம் மட்டுமே வைத்திருந்தவர்.

அதே 1896-இல்தான் பாரிஸ்–ரூபே பிறந்தது. அதன் பிறப்புக்கே போர்தோ–பாரிஸ்தான் காரணம் என்று படித்தபோது நாற்காலியைவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். ரூபே நகரத்து நூற்பாலை முதலாளிகள் தேயோதோர் வியேனும் மொரிஸ் பெரேசும் தங்கள் ஊரில் ஒரு வெலோத்ரோம், அதாவது சைக்கிள் ஓடுதளம், கட்டியிருந்தார்கள். பாரிசிலிருந்து அங்கே வரை ஒரு பந்தயம் வைக்கலாமே என்று 'லெ வெலோ' பத்திரிகைக்கு எழுதியபோது அவர்கள் சொன்ன நியாயம் இது: போர்தோ–பாரிசுக்கு ஆயத்தமாகும் வீரர்களுக்கு இது நல்ல பயிற்சியாக இருக்கும், அவர்களுக்கு இந்தத் தூரம் குழந்தை விளையாட்டு. இன்று உலகமே 'வடக்கின் நரகம்' என்று அழைக்கும் பந்தயம் முதலில் பயிற்சி ஓட்டமாகத்தான் முன்மொழியப்பட்டது. அதன் முதல் பந்தயத்தை வென்ற ஜெர்மானியர் யோசெஃப் ஃபிஷர் 1900-இல் போர்தோ–பாரிசையும் வென்றார். பயிற்சி ஓட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. எதற்காகப் பயிற்சி செய்தார்களோ அது இல்லை.

வென்றவர்களின் பட்டியலை எழுதினால் பக்கம் நீளும். தூர் த ஃபிரான்சை முதன்முதல் வென்ற மொரிஸ் காரேன் அதற்கு முந்தைய வருடமே இதை வென்றிருந்தார். தூரில் முன்னணியில் இருப்பவருக்கான மஞ்சள் பனியனை முதன்முதல் அணிந்த எஜேன் கிறிஸ்தோஃப் 1920, 1921 இரண்டிலும் வென்றார். பெல்ஜியத்து எமில் மாசோன் 1923-இல் வென்றார், அவருடைய மகன், பெயரும் அதே எமில் மாசோன், 1946-இல் வென்றார். பழைய சந்தையில் ஒரு பெட்டிக்குள் இந்த அப்பா மகன் படங்கள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்ததைக் கண்டபோது விலைகூடப் பேசாமல் வாங்கிவிட்டேன்.

அந்த இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால் ஒரு வித்தியாசம் தெரியும். மகனின் காலத்துக்குள் தெர்னி வந்துவிட்டது.

தெர்னி என்பது செய்த குடும்பத்தின் பெயர். சைக்கிளைப் போலவே சட்டகம், அதில் 98 சிசி இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார். ஓட்டுகிறவர் பெடலையும் மிதிக்க வேண்டும். இதுதான் அதன் தனிச்சிறப்பு. மோட்டார் மட்டும் இழுத்தால் வண்டி திமிறிக்கொண்டு பாயும், பின்னால் வருகிறவர் விடுபட்டுப்போவார். பெடலும் சேர்ந்து சுழல்வதால் வேகம் மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். 1938-இல் போர்தோ–பாரிசில் நுழைந்தது. பிறகு 'தெர்னி' என்றாலே எல்லோருக்கும் அந்த வண்டியின் பெயராகிவிட்டது. ஒலிம்பிக்கில் கேய்ரின் பந்தயம் பார்த்திருந்தால், வீரர்களை முதலில் இழுத்துக்கொண்டு சுற்றும் வண்டி ஞாபகம் வரும். அதன் மூதாதை இதுதான்.

நானும் ஒரு முறை தெர்னிக்குப் பின்னால் மிதித்திருக்கிறேன். ஒரு சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி. சிமெண்ட் ஓடுதளம், வளைவுகளில் சுவர்போல எழும்பி நிற்கும். தெர்னிக்காரருக்கு அறுபது வயதிருக்கும். பருத்த உடம்பு, அதன்மேல் தொளதொளவென்று கம்பளிச் சட்டை. காற்றை மறைக்க அது நல்லது என்று பிறகுதான் புரிந்தது. நேர் முதுகோடு உட்கார்ந்து, முழங்கால்களை அகலமாக வைத்துக்கொண்டு மிதித்தார். கிளம்புவதற்கு முன் எனக்கு இரண்டே விஷயம் சொன்னார். ஒன்று, என் சக்கரத்தைப் பார்க்காதே, முதுகைப் பார். இரண்டு, வேகம் கூடினால் கத்து.

கத்துவதற்கு வார்த்தைகள் இருக்கின்றன. 'அலே' என்றால் இன்னும் வேகம். 'ஓ' என்றால் மெதுவாக. மோட்டார் இரைச்சலில் வேறெதுவும் கேட்காது.

முதல் மூன்று சுற்று பயம்தான். என் முன்சக்கரத்துக்கும் அவருடைய மட்கார்டுக்கும் இடையே ஒரு முழம் இருந்திருக்கும். அவர் தலையைத் திருப்பி, கிட்டே வா என்று கையால் காட்டினார். அரை முழமாக்கினேன். அப்போது திடீரென்று காற்று நின்றுவிட்டது. காதில் இரைந்துகொண்டிருந்தது சட்டென்று அடங்கி, மோட்டாரின் 'தட்தட்' மட்டும் கேட்டது. எரிந்த எண்ணெயின் வாசனை. வேகக்கணக்கு மணிக்கு 47 காட்டியது. தனியாக என்னால் அந்த வேகத்தில் ஒரு நிமிடம்கூடத் தாங்க முடியாது. அங்கே, அந்த முதுகின் நிழலில், மூச்சு சீராக இருந்தது. ஒரு வளைவில் கவனம் சிதறி ஒரு மீட்டர் பின்தங்கினேன். அவ்வளவுதான், நெஞ்சில் கைவைத்துத் தள்ளியதுபோலக் காற்று மோதியது. 'ஓ' என்று கத்தினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மோட்டாரின் சத்தம் ஒரு இழை இறங்கியது, முதுகு என்னிடம் திரும்பி வந்தது.

இருபது நிமிடம்தான் அது. போர்தோ–பாரிஸ்காரர்கள் இப்படி நாள் பாதி போனார்கள். அதுவும் இரவு முழுக்க மிதித்த பிறகு.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வருடங்களில் நடைமுறை இப்படி அமைந்தது. நள்ளிரவு தாண்டி, பெரும்பாலும் இரண்டு மணியளவில், போர்தோவில் கிளம்புவார்கள். இருட்டில் தெர்னி கிடையாது. கம்பளிச் சட்டையும் குல்லாவும் போட்டுக்கொண்டு எல்லோரும் ஒரே கூட்டமாக, கார்களின் முகவிளக்கு வெளிச்சத்தில், ஆங்கூலேம் தாண்டி வடக்கே வருவார்கள். யாரும் யாரையும் சீண்டுவதில்லை. காலை வெயில் ஏறும்போது புவாத்தியே அல்லது ஷத்தெல்ரோவுக்கு வந்துசேர்வார்கள். அங்கேதான் தெர்னிக்காரர்கள் வரிசையாகக் காத்திருப்பார்கள். இரவு உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒவ்வொருவரும் தன் ஆளைத் தேடிப் பின்னால் ஒட்டிக்கொள்வார். அங்கிருந்துதான் உண்மையான பந்தயம். இன்னும் முந்நூறு கிலோமீட்டர்வரை பாக்கி இருக்கும்.

நான் தினமும் மிதிக்கும் பதினெட்டு கிலோமீட்டர் சரியாக அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் இருக்கிறது.

இங்கிலாந்து வீரர் டாம் சிம்சன் 1963-இல் வென்றார். அவருக்கு முன்னால் தெர்னி ஓட்டியவர் ஃபெர்னான் வாம்ப்ஸ்த். இந்தப் பெயரை மறக்காமல் எழுதிவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் தெர்னிக்காரர்களின் பெயரைப் பட்டியல்களில் காண்பதே அரிது. ஆறு வருடம் கழித்து, 1969 செப்டம்பரில் புளுவா நகரத்து ஓடுதளத்தில் பெல்ஜியத்தின் பெரும் வீரர் எடி மெர்க்சுக்கு முன்னால் போனபோது நடந்த விபத்தில் வாம்ப்ஸ்த் இறந்தார். மெர்க்ஸ் முதுகில் பலத்த அடியோடு பிழைத்தார், அதற்குப் பிறகு மலையேற்றத்தில் தான் பழைய ஆளாக இல்லை என்று சொல்லிவந்தார். மெர்க்சின் வாழ்க்கையைப் பற்றிய எல்லாக் கட்டுரைகளிலும் புளுவா ஒரு வரி. அந்த ஒரு வரியில் வாம்ப்ஸ்தின் பெயர் வருவதும் உண்டு, வராததும் உண்டு.

1965-இன் கதை இந்த நாட்டில் சைக்கிள் தெரிந்த எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் நம் மொழியில் ஒரு முறை சொல்லிப்பார்க்கிறேன். அதற்குள் ழாக் ஆன்க்தீல் தூர் த ஃபிரான்சை ஐந்து முறை வென்றுவிட்டார். ஆனால் மக்கள் நேசித்தது தோற்றுக்கொண்டேயிருந்த ரேமோன் பூலிதோரைத்தான். ஆன்க்தீலின் மேலாளர் ரஃபாயேல் ழெமினியானிக்கு ஒரு யோசனை வந்தது. தொஃபினே என்ற எட்டு நாள் மலைப்பந்தயம் மே 29 சாயங்காலம் முடிகிறது. அன்று இரவே போர்தோ–பாரிஸ். இரண்டையும் அடுத்தடுத்து வென்றால்? தொஃபினேயில் பூலிதோரை வென்றார் ஆன்க்தீல். பரிசு வாங்கினார், சாப்பிட்டார், நீம் விமான நிலையத்திலிருந்து விமானம் ஏறிப் போர்தோ வந்து இறங்கினார். சரியான தூக்கம் இல்லை. சில மணி நேரத்தில் கிளம்ப வேண்டும்.

இரவில் மழை, வயிற்றில் பிடிப்பு. ஒரு கட்டத்தில் போதும் என்று சொல்லிவிட்டார். ழெமினியானி அவருடைய மானத்தைத் தொட்டுப் பேசினார் என்கிறார்கள். திரும்பவும் மிதித்தார். கடைசியில் பாரிஸ் அருகே சிம்சன், ஆன்க்தீல், அவருடைய அணித்தோழர் ழான் ஸ்தப்லின்ஸ்கி மூவரும் முன்னணியில். இரண்டு தோழர்களும் மாறி மாறித் தாக்கிச் சிம்சனைக் களைக்க வைத்தார்கள். பார்க் தெ ப்ரேன்ஸ் ஓடுதளத்துக்குள் ஆன்க்தீல் தனியாக நுழைந்தார். ஸ்தப்லின்ஸ்கி ஒரு நிமிடத்துக்குள் பின்னால் வந்தார். ஐந்து தூர் வெற்றிகளுக்குக் கிடைக்காத வரவேற்பு அன்றைக்குக் கிடைத்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் பூலிதோர் கட்சி. "அன்றைக்கு மட்டும் எங்கள் அப்பா ஆன்க்தீலுக்குக் கைதட்டினார், ரேடியோவைப் பார்த்து" என்றார்.

ஆனால் என் மனதுக்கு நெருக்கமானவர் ஆன்க்தீல் அல்ல, ஹெர்மன் வான் ஸ்ப்ரிங்கல். பெல்ஜியத்துக்காரர், அமைதியான மனிதர். 1968 தூர் த ஃபிரான்சில் கடைசி நாள் காலையில் மஞ்சள் பனியன் அவர் மேல்தான் இருந்தது. ஒவ்வொருவராகத் தனியே கடிகாரத்தை எதிர்த்து மிதிக்கும் அன்றைய நேர ஓட்டத்தில் நெதர்லாந்தின் யான் யான்சனிடம் 38 விநாடியில் மொத்தத் தூரையும் இழந்தார். அதுவரை இருந்ததிலேயே மிகச் சிறிய இடைவெளி. அதற்குப் பிறகு அவர் எங்கே போனார் என்று பார்த்தால், இந்தச் சாலைக்குத்தான் வந்தார். 1970-இல் வென்றார். 1974-இல் ரெழி தெலெபினோடு பகிர்ந்துகொண்டார். 1975, 1977, 1978, 1980, 1981. மொத்தம் ஏழு முறை. கடைசி முறை வயது முப்பத்தேழு. நான்கு முறை வென்ற பெர்னார் கோத்தியேயை அதற்கு முன் 'மெஸ்யூ போர்தோ–பாரிஸ்' என்று அழைத்தார்கள், அந்தப் பட்டம் இவரிடம் வந்து தங்கிவிட்டது. 2022 ஆகஸ்டில் வான் ஸ்ப்ரிங்கல் இறந்த செய்தியை வேலை இடைவேளையில் கைபேசியில் படித்தேன். மீதி இரவு பெட்டிகளை அடுக்கினேனே தவிர, நினைவு முழுக்க இந்தச் சாலையில்தான்.

நின்றுபோனது ஏன்? பலர் தூரத்தைக் காரணம் சொல்வார்கள். எனக்கு அது முழுதாகச் சரியென்று படவில்லை. தூரம் எப்போதும் இருந்ததுதானே. வீரர்களின் நாட்காட்டி மாறியது என்பதுதான் பெரிய காரணம். இந்தப் பந்தயத்துக்கென்றே பல வாரம் தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டும், தெர்னிக்குப் பின்னால் முந்நூறு நானூறு கிலோமீட்டர் என்று. முடித்த பிறகு உடம்பு தேற நாளாகும். மே மாதமோ அப்போது ஸ்பெயினின் வுவெல்தா, இத்தாலியின் ஜிரோ என்ற பல வாரப் பந்தயங்களுக்குச் சொந்தமாக இருந்தது. ஒரே ஒரு நாளுக்காக ஒரு நல்ல வீரரை அத்தனை வாரம் விட்டுக்கொடுக்க அணிகளுக்கு மனம் வரவில்லை. புறப்படுகிறவர்கள் எப்போதுமே கொஞ்சம் பேர்தான், அது இன்னும் குறைந்தது. 1971, 1972 இரண்டு ஆண்டும் நடக்கவேயில்லை.

பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்கு வருத்தம். 1986-இல் தெர்னியை எடுத்துவிட்டார்கள். மற்றப் பந்தயங்களைப் போல ஆக்கினால் ஆட்கள் வருவார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ. ஸ்விட்சர்லாந்தின் ழில்பேர் கிளாவுஸ் வென்றார், அடுத்த ஆண்டு பெர்னார் வாலே, 1988-இல் ழான்-ஃப்ரான்சுவா ரோ. அத்தோடு முடிந்தது. மூவருமே நல்ல வீரர்கள், அந்தத் தூரத்தை முன்னால் தெர்னி இல்லாமல் மிதித்தவர்கள், அவர்கள் பெருமையில் ஒரு துளியும் குறைவில்லை. ஆனால் ஷத்தெல்ரோவில் தெர்னிகள் காத்திருக்காத போர்தோ–பாரிஸ் என்பது வெறும் நீளமான பந்தயம். மக்கள் எதைப் பார்க்கச் சாலையோரம் நின்றார்களோ, ஒரு மனிதரும் அவருக்காகக் காற்றை வாங்கிக்கொள்ளும் இன்னொரு மனிதரும் ஒன்றாகப் போவதை, அதை எடுத்துவிட்டார்கள். மூன்றே வருடம் தாங்கியது.

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவரைக் காரில் கூட்டிக்கொண்டு அவர் சின்ன வயதில் நின்ற இடத்துக்குப் போனேன். ஊருக்கு வெளியே ஒரு சிறு ஏற்றம், ஏற்றத்தின் முடிவில் கல்சுவர். சுவர் இன்னும் இருக்கிறது. அறுபதுகளின் தொடக்கம், அப்பாவோடு அந்தச் சுவர்மேல் உட்கார்ந்திருந்தாராம். முதலில் சத்தம் வந்தது, வண்டுக் கூட்டம்போல. சாலையில் ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. பிறகு ஏற்றத்தின் விளிம்பில் முதல் தெர்னி தலைகாட்டியது.

"பின்னால் வந்தவர் யார்? சிம்சனா?" என்று கேட்டேன். ஆவலை அடக்க முடியவில்லை.

சுவரில் கைவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சாலையையே பார்த்தார். "அது நினைவில்லை" என்றார். "முன்னால் போனவரைத்தான் நினைவிருக்கிறது. பழுப்பு நிறக் கம்பளிச் சட்டை, முழங்கையில் ஒட்டுப் போட்டது. இந்த ஏற்றத்தில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார், பின்னால் அவர் இருக்கிறாரா என்று."